குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போனால்... ஆம்புலன்ஸ் ஊழியர்களின் மனசு என்ன ஆகும்? ‘டீபிரீஃபிங்’ என்றால் என்ன?

2023 மே மாதம், ஜவ்வாது மலைத்தொடரில் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலை. அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தது. ஊருக்கு ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியிலேயே நிற்க, உடலைத் தாய் சுமந்து நடந்தார்.

ரோடு எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் இப்படிப்பட்ட மரணங்களைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் ஊழியர்களை, ‘நீங்க எப்படி இருக்கீங்க?’ன்னு கேட்பது பெரும்பாலும் விட்டுப்போகிறது.

குழந்தை என்றால் ஏன் கூடுதல் பாரம்?

108 வண்டியில் பின்னால் ஒரு மருத்துவ உதவியாளர், முன்னால் பைலட். அவ்வளவுதான் டீம். குழந்தை கேஸ் குறைவாகவே வரும். அதனால் கைப்பழக்கமும் குறைவு. மருந்தை எடைக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும். பக்கத்திலேயே அம்மா அழுதுகொண்டிருப்பார். வீட்டில் அதே வயசில் பிள்ளை இருந்தால் சொல்லவே வேண்டாம். தூக்கம் போவது, அதே காட்சி திரும்பத் திரும்ப வருவது, அடுத்த குழந்தை கேஸ் வந்தாலே படபடப்பு... இதெல்லாம் பலவீனம் அல்ல.

உட்கார வைத்துப் பேசினால் போதுமா?

இங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியில் இருந்த ஜெஃப்ரி மிட்செல் 1983-ல் குழுவாக அமர்ந்து மனம்விட்டுப் பேசும் முறையை முன்வைத்தார். உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் ஒரே ஒரு அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பின்னாளைய மனநோயைத் தடுக்கவில்லை என்று பிறகு ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கவில்லை. கட்டாயப்படுத்திப் பேச வைத்தால் சிலருக்குக் காயம் கிளறப்படலாம்.

அப்போ என்ன செய்வது?

பிரிட்டனின் எடின்பரோ மருத்துவமனையில் ஒரு எளிய வழி உண்டு. கேஸ் முடிந்ததும் 5 நிமிடம்: என்ன நடந்தது, எது நன்றாகப் போனது, எதை மேம்படுத்தலாம், யார் எதைச் சரிசெய்வது. முக்கியமாக வேலையைப் பேசுகிறார்கள். ‘நான் தப்பு பண்ணிட்டேனோ’ என்ற குடைச்சல் இதில் கொஞ்சம் குறையலாம்.

மலையில் இரண்டே பேர்தான் என்றாலும், 108 கட்டுப்பாட்டு மைய மருத்துவரோடு போனிலேயே இதைச் செய்யலாம். அடுத்த அழைப்புக்கு முன் அந்த 5 நிமிடத்தை நிர்வாகம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கம், படபடப்பு சரியாகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி-மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.