பிரதம காவலரும் மௌனமும்: நியூயோர்க் மாநிலச் சிறைகளின் வரலாற்றில் ஒரு பதவி

சிறைச்சாலைகளின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இரு சாராரைப் பற்றியே விரிவாகப் பேசியுள்ளனர். ஒரு சாரார் திட்டங்களை வகுத்த சீர்திருத்தவாதிகள். மறு சாரார் அத்திட்டங்களுக்கு இலக்கான கைதிகள். பெந்தாம் வரைந்த வட்டக் கட்டிடத்தைப் பற்றியும், 1975இல் வெளிவந்த மிசெல் பூக்கோவின் நூலைப் பற்றியும் விரிவுரை மண்டபங்களில் நாம் நிரம்பக் கேட்கின்றோம். ஆனால் அக்கட்டிடங்களின் கதவுகளைக் காலையிலே திறந்து மாலையிலே பூட்டிய உத்தியோகத்தரைப் பற்றிக் கேட்பது அரிது. கட்டிடம் தானாக எவரையும் அடக்கி வைப்பதில்லை. அடக்கி வைப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களை நடத்துவதற்கு வேறோர் ஆள் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயோர்க் மாநிலச் சிறைகளில் அவ்வாறு அமைந்தவரே 'பிரின்சிப்பல் கீப்பர்' எனப்பட்டவர். அப்பதவியைப் பிரதம காவலர் பதவி எனத் தமிழிற் கூறலாம். அத்தியட்சருக்கு அடுத்த நிலையில் இருந்த இவரே காவல், ஒழுங்கு, தண்டனை, காவலரின் கடமைப் பகிர்வு ஆகியவற்றுக்குப் பொறுப்பாயிருந்தார். கைதிகள் இவரைப் 'பி.கே.' என்றே குறிப்பிட்டனர். அத்தியட்சர் அரசியற் செல்வாக்கால் வருவார், ஆட்சி மாறப் போவார். கைதியின் நாளாந்த வாழ்வு எவ்வாறு அமையும் என்பதைத் தீர்மானித்தவர் பி.கே. தான். இப்பதவியின் கதையை ஓபர்ன், சிங் சிங், அற்றிக்கா ஆகிய மூன்று சிறைகளின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓபர்ன் சிறையைக் கட்டுவதற்கான சட்டம் 1816இல் நிறைவேறியது. மறு ஆண்டிலேயே கைதிகள் அங்கு கொண்டுவரப்பட்டனர். அதன் முதற் பிரதம காவலராக நியமனம் பெற்றவர் எலாம் லின்ட்ஸ் என்பவர். 1812ஆம் ஆண்டுப் போரிலே படைத்தலைவராகக் கடமையாற்றியவர். 1821இல் அத்தியட்சர் பிரிட்டின் இறக்கவே லின்ட்ஸ் அவரிடத்துக்கு உயர்ந்தார். காவற் பதவியிலே கற்ற பாடங்களையே அவர் நிர்வாகக் கொள்கையாகவும் ஆக்கினார் என்பது பின்வருவனவற்றால் விளங்கும்.

நியூயோர்க் மாநிலம் 1796இல் கசையடியைக் கைவிட்டிருந்தது. 1819இல் சிறைகளுக்குள் மட்டும் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பரிசோதகர் முன்னிலையிலேயே அடித்தல் வேண்டும், முப்பத்தொன்பது அடிக்கு மேற்படலாகாது என்றெல்லாம் சட்டம் வரையறுத்தது. இக்காலத்து நிகழ்ச்சியொன்று சிந்தனைக்குரியது. கைதிகளை அடிக்குமாறு கட்டளையிடப்பட்டபோது ஓபர்னின் கீழ்நிலைக் காவலர் மறுத்துவிட்டனர். ஊரிலிருந்த கொல்லன் ஒருவன் அவ்வேலையைச் செய்ய முன்வந்தான். அவன் சிறையை விட்டு வெளியே வந்ததும் ஊர்த் தொழிலாளர் அவனைப் பிடித்து, உடலெங்கும் தார் பூசி இறகு ஒட்டி அவமானப்படுத்தினர். காவலர் மனம் இயல்பாகவே கொடியது என எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை மறத்தல் ஆகாது. அடிக்கும் கை பழக்கத்தால் உருவாக்கப்பட்டது. அதனை உருவாக்கும் பணி பிரதம காவலருடையதாயிற்று.

1821ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று எண்பது கைதிகள் தனித்தனி அறைகளில் வேலை எதுவுமின்றி அடைக்கப்பட்டனர். தனிமை அவர்தம் உள்ளத்தைத் திருத்தும் என்பது சட்டம் செய்தோரின் நம்பிக்கை. ஓராண்டுக்குள் ஐவர் இறந்தனர். ஒருவர் சித்தம் கலங்கினார். இன்னொருவர், காவலர் கதவைத் திறந்த தருணம் பார்த்து மேல் மாடத்திலிருந்து குதித்தார். இறுதியில் ஆளுநர் இருபத்தாறு பேரை மன்னித்து விடுவிக்க நேர்ந்தது. இதன் பின்னரே ஓபர்ன் முறை எனப் பெயர் பெற்ற ஒழுங்கு முழுவடிவம் பெற்றது: இரவிலே தனி அறை, பகலிலே கூட்டு வேலை, இரண்டிலும் பூரண மௌனம்.

அம்மௌனம் எவ்வாறு காக்கப்பட்டது என்பதிலேதான் காவல் உத்தியோகத்தரின் கைவண்ணத்தைக் காண்கிறோம். கைதிகள் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் நிற்பவரின் தோளிற் கைவைத்து, ஒரே அடியெடுத்து நடத்தல் வேண்டும். அவர்தம் முகங்கள் யாவும் காவலர் நிற்கும் பக்கமாகவே திரும்பியிருக்கும். உதடு அசைந்தாற் கண்ணிற் பட்டுவிடும் அல்லவா? வேலைத்தலங்களின் பின்னால் ஒடுங்கிய நடைவழி. அதன் சுவரிலே சிறு துவாரங்கள். அவற்றினூடாக எந்நேரமும் எவரும் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரவுக் காவலர் மெல்லிய தோற் காலணி அணிந்து ஓசையின்றி நடந்தனர். இருபத்தைந்து சதம் செலுத்திய பொதுமக்களுங்கூட உள்ளே வந்து வேடிக்கை பார்க்கலாம். ஆனால் கைதியின் மனைவி மக்கள் வந்து பார்க்க முடியாது. இவ்விதிகளுட் பெரும்பாலானவற்றை வகுத்தவர் லின்ட்ஸ் அல்லர், ஜோன் கிரே என்ற உதவிக் காவலரே என்ற கருத்தும் உண்டு. அது உண்மையெனின், உலகெங்கும் பேசப்பட்ட ஒரு தண்டனை முறையின் பெரும்பகுதி தத்துவ ஞானியின் மேசையிலன்றி, காவல் மாடத்தில் நின்ற இடைநிலை உத்தியோகத்தர் ஒருவரின் அனுபவத்திலே பிறந்தது எனல் வேண்டும்.

1825ஆம் ஆண்டு மே மாதத்தில் லின்ட்ஸ் ஓபர்ன் கைதிகள் நூறு பேரை அழைத்துக்கொண்டு ஹட்சன் ஆற்றங்கரைக்குச் சென்றார். அங்கே மதிலும் இல்லை, அறையும் இல்லை. பளிங்குக் கல் வெட்டி, தம்மை அடைக்கும் சிறையைத் தாமே கட்டுவது அக்கைதிகளின் வேலையாயிற்று. 1828ஆம் ஆண்டளவில் எண்ணூறு அறைகள் எழுந்தன. அதுவே சிங் சிங். 1831இல் பிரான்சு நாட்டிலிருந்து வந்த டொக்வில், போமொன் ஆகிய இருவரும் அதனைப் பார்த்துத் திகைத்தனர். ஏறத்தாழத் தொளாயிரம் கைதிகள், கால் விலங்கின்றித் திறந்த வெளியிற் கல்லுடைத்துக் கொண்டிருந்தனர். காவலரோ முப்பது பேர் மட்டுமே.

முப்பது பேர் தொளாயிரம் பேரை அடக்கியது எங்ஙனம்? 1833இல் வெளியிட்ட அறிக்கையில் அவ்விருவரும் கூறிய விளக்கம் இன்றும் பெறுமதி மிக்கது. காவலர் தம்முள் தடையின்றிப் பேசிக்கொள்வர். ஆகவே அவர்கள் ஒரு சங்கம். கைதிகள் எத்தனை பேராயினும் பேச முடியாமையால் ஒவ்வொருவரும் தனியர். எண்ணிக்கையிலே தோற்றவர் செய்தித் தொடர்பிலே வென்றனர் என்பதே இதன் பொருள். பிரதம காவலர் என்ற பதவியின் சாரமும் இதுவேயாகும். சாவிக் கொத்தும் கசையும் அதன் புறச் சின்னங்கள். யார் யாருடன் பேசலாம், எந்தச் செய்தி எங்கே போகலாம் என்பதைத் தன் கையில் வைத்திருத்தலே அதன் உண்மையான அதிகாரம்.

அவ்விருவரும் லின்ட்ஸை நேரிற் கண்டு உரையாடினர். கசையே பயன் மிக்கதும் மனிதத் தன்மை மிக்கதுமான தண்டனை என அவர் வாதிட்டார். ஏனைய தண்டனைகள் உடல்நலத்தைக் கெடுப்பன, கசை அவ்வாறன்று என்பது அவரது நியாயம். சிறைத் தலைவனின் அதிகாரத்திற் பிறர் குறுக்கிடலாகாது என்றும் வற்புறுத்தினார். அவரைப் பற்றிய கதையொன்றையும் அறிக்கையிற் காணலாம். தம்மைக் கொல்லப் போவதாகச் சொன்ன கைதியை லின்ட்ஸ் தம் அறைக்கு அழைத்துத் தமக்குச் சவரம் செய்யப் பணித்தாராம். கத்தி கையிலிருந்தும் அவன் ஒன்றும் செய்யவில்லை. ஆயுதமின்றியே நான் உன்னிலும் வலியவன் எனக் கூறி அவனை அனுப்பிவிட்டாராம். இக்கதையை வியந்து எடுத்துரைப்போர் பலர். எனக்கோ இது கைதியின் வாய்மொழி இல்லாத கதை என்பதே முதலிற் படுகின்றது. அக்கைதி அஞ்சியது லின்ட்ஸின் கண்களுக்கா, கதவுக்கு அப்பால் நின்ற காவலரின் கசைகளுக்கா என்பதை அவனன்றி யார் சொல்ல வல்லார்?

அதே ஆண்டுகளில் நிகழ்ந்த இன்னொன்று டொக்வில்லின் வியப்பைச் சமன் செய்கின்றது. 1825இல் ஓபர்னிலே ரேச்சல் வெல்ச் என்னும் கர்ப்பிணிக் கைதி கசையடி பெற்றாள். பிள்ளை பெற்ற பின்னர், 1826இன் தொடக்கத்தில் இறந்தாள். ஆண் காவலரின் பொறுப்பிலே பெண்களை விட்டுவைத்ததன் விளைவு இதுவெனக் கண்டனம் எழுந்தது. எனினும் சிங் சிங்கிலே பெண்களுக்கெனத் தனிச் சிறை திறக்க 1839 வரை செல்லவேண்டியிருந்தது. அங்கே 1844இல் தலைவியாகப் பொறுப்பேற்ற எலைசா பார்ன்ஹாம் மௌன விதியைத் தளர்த்தி, வாசிப்பையும் இசையையும் புகுத்தினார். 1848இல் அவர் பதவியை இழந்தார். லின்ட்ஸின் முடிவும் மேன்மையானதன்று. ஓபர்னுக்கு மீண்டு வந்த அவர், கைதியொருவரின் மரணம் கிளப்பிய எதிர்ப்பினால் 1839இல் விலகினார்; சிங் சிங்குக்கு மீண்டு வந்தும் 1844இல் நீக்கப்பட்டார். 1847இல் கசையடி சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயின் தண்டிக்கும் அதிகாரம் பிரதம காவலரின் கையிலிருந்து நீங்கவில்லை. கருவி மட்டுமே மாறியது. குளிர்நீரைத் தலையில் கொட்டும் தண்டனையால் 1858இல் ஓபர்ன் கைதி ஒருவர் மாண்டார்.

அடுத்த அரை நூற்றாண்டைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1913ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில் தோமஸ் மொட் ஒஸ்போர்ண் ஓபர்ன் சிறைக்குள் 'டொம் பிரவுண்' என்ற பெயரிலே கைதியாகப் புகுந்தார். அந்நகரின் மேயராக இருந்தவர். சிறைச் சீர்திருத்தத்துக்கான மாநில ஆணைக்குழுவின் தலைவர். ஒரு வாரத்தின் இறுதியில், வேண்டுமென்றே வேலை செய்ய மறுத்து, தண்டனை அறையிலும் ஓரிரவு கிடந்தார். அவர் ஆதரவுடன் கைதிகள் அமைத்த பரஸ்பர நலச் சங்கம், ஒழுங்கு மீறல்களைத் தன் சொந்த மன்றிலே விசாரித்தது. 1914 டிசெம்பரில் அவர் சிங் சிங்கின் அத்தியட்சரானதும் அதனையே அங்கும் புகுத்தினார். நாம் கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கத்தை. கைதிகள் கூடிப் பேசவும், வாக்களிக்கவும், தீர்ப்பு வழங்கவும் தொடங்கியபோது பிரதம காவலரிடம் எஞ்சியது யாது? நூறாண்டாக மௌனத்தின்மேற் கட்டப்பட்ட பதவி அது. காவலரிடையே எழுந்த வெறுப்பு தன்னலத்தால் மட்டும் எழுந்ததன்று. தமது தொழிலே மறுக்கப்படுகின்றது எனவும் அவர்கள் உணர்ந்திருத்தல் கூடும். 1915 டிசெம்பரில் ஒஸ்போர்ண்மீது குற்றச்சாட்டுகள் தாக்கலாயின. அவை தள்ளுபடியாகி 1916 ஜூலையிற் பதவிக்குத் திரும்பிய அவர், அதே ஆண்டு ஒக்டோபரில் விலகினார்.

1926இல் வந்த போம்ஸ் சட்டங்கள், நான்காம் முறை பாரதூரமான குற்றம் புரிந்தவருக்கு ஆயுட் சிறையை விதித்தன. விடுதலை நம்பிக்கை அற்றோரால் சிறைகள் நிரம்பின. 1929 ஜூலையிலும் டிசெம்பரிலும் ஓபர்னிற் கலகம் மூண்டது. டிசெம்பர் 11ஆம் நாள் அத்தியட்சர் பணயமாகப் பிடிக்கப்பட்டார். பிரதம காவலர் ஜோர்ஜ் டேர்ன்போர்ட் கொல்லப்பட்டார். அத்தியட்சரைப் பிடித்து வைத்தவர்கள் பி.கே.யைக் கொன்றனர் என்பது, கைதியின் கண்ணிலே சிறை எவருடைய உருவில் நின்றது என்பதற்குச் சான்றாகலாம். அக்கலகத்தின் பின்னர் ஒஸ்போர்ணின் சங்கமும் கலைக்கப்பட்டது.

இக்கலகங்களின் பின்னர், 1931இல், உடைக்க முடியாத சிறை என்ற பெருமையுடன் அற்றிக்கா திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளின் பின், 1971 செப்டெம்பரில், அங்கே இரண்டாயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட கைதிகள் இருந்தனர். வாரத்துக்கு ஒரு குளிப்பு. மாதத்துக்கு ஒரு சுருள் மலசலகூடக் கடதாசி. 8ஆம் நாள் முற்றத்தில் எழுந்த சிறு தகராற்றுக்காக அன்று மாலையே இரு கைதிகள் தண்டனைப் பிரிவுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். மறுநாட் காலை உணவின் பின், அவர்களது பகுதியைச் சேர்ந்த ஒரு குழுவினரை முற்றத்துக்கு விடாது அறைகளுக்குத் திருப்பும்படி மேலிடம் முடிவு செய்தது. அவர்களை அழைத்து வந்த காவலருக்கு அம்முடிவு தெரிவிக்கப்படவில்லை. முற்றத்துக்குச் செல்லும் கதவு பூட்டியிருக்கக் கண்ட கைதிகள், நடைவழியிலே தாக்கப்படப் போகின்றோம் என அஞ்சினர். அவ்வேளை அவர்களை நோக்கி வந்த லெப்டினன் தாக்கப்பட்டார். கலகம் வெடித்தது.

சிறையின் உள்ளகத் தொலைபேசி ஒரு நேரத்தில் ஓர் அழைப்பை மட்டுமே ஏற்கவல்ல பழைய அமைப்பு. எல்லாக் காவற்றலங்களுக்கும் ஒருங்கே எச்சரிக்கை விடுக்க வழியிருக்கவில்லை. 1831இல் டொக்வில் கண்டது இங்கே தலைகீழாயிற்று. கைதிகள் பேசிக்கொண்டனர், காவலர் ஒருவரோடொருவர் பேச முடியாது தனித்து நின்றனர். நடைவழிகள் நான்கும் சந்திக்கும் 'டைம்ஸ் ஸ்குவயர்' வாயிலைக் கைதிகள் தள்ளியபோது அது திறந்துகொண்டது. அதன் வெல்டிங் ஒட்டு ஒன்று பழுதுற்று, பூசிய மையின் கீழ் மறைந்து கிடந்தது. அவ்வாயிலில் நின்ற காவலர் பின்னர் காயங்களால் இறந்தார். 13ஆம் நாள் மாநிலப் பொலிசார் சுட்டுக்கொண்டே சிறையை மீட்டபோது முப்பத்தொன்பது பேர் மாண்டனர், பணயமாயிருந்த பத்து உத்தியோகத்தரும் அவர்களுள் அடங்குவர். அந்நாட்களில் இறந்தோர் மொத்தம் நாற்பத்து மூவர்.

இது நிகழ்வதற்கு முந்திய ஆண்டிலேயே நியூயோர்க் மாநிலம் தன் சிறைகளின் பெயர்ப் பலகைகளை மாற்றியிருந்தது. சிறைச்சாலை என்பது சீர்திருத்த நிலையமாயிற்று. காவலர் சீர்திருத்த உத்தியோகத்தராயினர். அற்றிக்காவின் தொலைபேசியை மட்டும் எவரும் மாற்றவில்லை.