மலைக்கோட்டை முதல் 300டி வரை

கே.கே. நகரில் பஸ் ஏறிப் போய் மலைக்கோட்டையை ஒரே நிமிடத்தில் பத்து படம் எடுத்துவிடலாம். 1858-இல் முடியாது நண்பர்களே! சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் காகித நெகட்டிவில் எடுத்தார். வெளிச்சம் பதிய நெடுநேரம் பிடிக்கும்; நடமாடுகிறவர்கள் படத்தில் விழ மாட்டார்கள். கவர்னர் டிரெவெல்யன், இது அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்தச் சொன்னார்.

2003-இல் கேனான் இ.ஓ.எஸ். 300டி வந்தது. 63 லட்சம் பிக்சல், ஐ.எஸ்.ஓ. 1600 வரை, லென்ஸ் மாற்றும் வசதி. அமெரிக்காவில் விலை 1000 டாலருக்குள். இன்றைய செல்போனிலேயே பிக்சல் இதைவிட அதிகம்தான். ஆனால் அரசாங்கத்துக்கே கட்டாத கலை மாதச் சம்பளக்காரருக்கும் எட்டிவிட்டது. இப்போது கோபுரம் மட்டுமல்ல, அதன் கீழே பூ விற்கும் அம்மாவும் படத்தில் இருக்கிறார்.