அசின்ட்

ஸ்காட்லாந்தின் வடமேற்கில், பழைய சதர்லாந்து மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், மலையும் கடலும் நெருங்கி நிற்கும் பகுதி. முதன்மை ஊர் லாக்கின்வர். மனிதக் கை படாத இயற்கை என்று பலரும் இதைப் புகழ்கிறார்கள். அது பாதி உண்மைதான். இங்குள்ள வெறுமையில் பெரும்பங்கு ஆட்களை வெளியேற்றியதால் வந்தது.

நிலத்தின் அடித்தளம் சாம்பல் நிற நைஸ் பாறை. 300 கோடி ஆண்டுகள் வரை பழமையானது. அதன்மேல் படிந்த செம்மணற்கல்லைப் பனியாறுகள் அரித்துச் சென்றன. எஞ்சியவை சூல்வென் (731 மீ.) போலத் தனித்தனியாக எழுந்து நிற்கும் மலைகள். தெற்கு எல்லையை ஒட்டிய நாக்கன் குன்றில் பழைய பாறை புதிய பாறையின் மேல் ஏறிக் கிடக்கிறது. நிலவியலாளர்கள் பென் பீச்சும் ஜான் ஹார்னும் இவ்வட்டாரத்தை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து 1907இல் வெளியிட்ட நூல், மலைகள் உருவாகும் விதத்தைப் புரியவைத்த நூல்களில் ஒன்று.

மக்லாயிட் குலத்தார் அசின்ட் ஏரிக்கரையில் கட்டிய ஆர்ட்வ்ரெக் கோட்டை இன்று இடிபாடு. 1650இல் அரசர் தரப்புத் தளபதி மான்ட்ரோஸ் பிடிபட்டு, இங்கிருந்துதான் எதிரிகளிடம் ஒப்படைக்கப்பட்டார்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்லாந்து நிலப்பிரபுக் குடும்பத்தின் பண்ணை, உள்பள்ளத்தாக்குகளைச் செம்மறி வளர்ப்புக்கு விட்டு, குடிகளைக் கரைக்குத் துரத்தியது. கிளாக்டோல், ஸ்டோர், ஆக்மெல்விக் போன்ற கரையூர்களில் குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியேறின. துண்டு நிலமும் மீன்பிடிப்பும் போதும் என்பது பண்ணையின் கணக்கு. போதவில்லை. இவ்வட்டாரப் போதகர் நார்மன் மக்லாயிட் 1817இல் கனடாவுக்குக் கப்பலேறினார். அவரைப் பின்பற்றியவர்கள் பின்னர் நியூசிலாந்தின் வைப்பூ வரை போய்க் குடியமர்ந்தார்கள்.

இன்று பயணிகள் தேடி வருவது அந்தக் கரையூர்களைத்தான். ஆக்மெல்விக் மணலை அள்ளிப் பார்த்தால் அதில் நொறுங்கிய சிப்பி ஓடுகள் தெரியும். வெண்மை அதனால் வருகிறது. காற்று அந்த ஓட்டுத் தூளின் சுண்ணாம்பை உள்ளே வாரியிறைப்பதால், அமிலத்தன்மையுள்ள கரி மண்ணுக்கு நடுவே மாக்கேர் எனப்படும் பூப்புல்வெளி விளைகிறது. கிளாக்டோலில் பிளந்து நிற்கும் பாறையும், ஸ்டோர் முனையருகே கடலில் சுமார் 60 மீட்டர் உயர்ந்த 'ஸ்டோர் கிழவன்' தூணும் நின்று பார்க்க வேண்டியவை.

1886இன் குடியானவர் நிலச் சட்டம் குடியானவர்களுக்குக் குடியிருப்பு உரிமை தந்தது. நிலம் மட்டும் பிரபுவிடமே இருந்தது. 1992இல் வடக்கு லாக்கின்வர் பண்ணையை வைத்திருந்த நிறுவனம் திவாலானதால், நிலத்தை ஏழு துண்டுகளாக விற்கப் பார்த்தார்கள். குடியானவர்கள் அறக்கட்டளை அமைத்து, நன்கொடை திரட்டி, 1993இல் 21,000 ஏக்கரை 3,00,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்பதால், ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்த வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை குறைவு. 2005இல் சூல்வெனும் உள்ளூர் அறக்கட்டளைக்கு வந்தது.

1984இல் வடக்கு எல்லையில் கைல்ஸ்கூ பாலம் திறக்கப்பட்டதும் படகுக்குக் காத்திருக்கும் நிலை ஒழிந்தது. 2015இல் அறிமுகமான 'நார்த் கோஸ்ட் 500' சுற்றுப்பாதை கூட்டத்தைக் கொண்டுவந்தது. பல சாலைகள் ஒற்றைத் தடமே. எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இடங்களில் வண்டி நிறுத்துவதும், மாக்கேர்மேல் கூடாரம் அடிப்பதும் ஊராரின் முதன்மைக் கவலைகள்.