எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள்

இந்திய அரசுக்குச் சொந்தமான இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் 1961-இல் தயாரிக்கத் தொடங்கி, அரை நூற்றாண்டுக்கும் மேல் விற்ற கைக்கடிகாரங்களே எச்.எம்.டி. வாட்சுகள். இவற்றில் பெயர்பெற்றவை நாள்தோறும் சாவி கொடுத்து ஓட்டும் இயந்திரக் கடிகாரங்கள். ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களில் திருமணச் சீர், முதல் சம்பளம், பணி ஓய்வு என எந்த நிகழ்வுக்கும் இந்த வாட்சுதான் பரிசு. இன்று அதே வாட்சுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இந்தியா முழுவதும் இருக்கிறார்கள். கைக்கடிகாரச் சேகரிப்பு பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை இந்த ஒரு பெயர் உடைத்திருக்கிறது.

தோற்றம்

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953-இல் பெங்களூரில் தொடங்கப்பட்டபோது அதன் வேலை கடைசல் முதலிய உலோக வேலைப்பாட்டு இயந்திரங்களைச் செய்வது. அந்தக் காலத்தில் இந்தியர் கையில் கட்டியவை பெரும்பாலும் சுவிட்சர்லாந்து வாட்சுகள். ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற பெயர்கள் இங்கே பல தலைமுறைகளுக்குப் பழக்கமானவை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டது. கடத்தல் வாட்சு தாராளமாகப் புழங்கியது. உள்நாட்டிலேயே வாட்சு செய்வது அரசின் கொள்கையானது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. 1961-இல் வெளிவந்த முதல் வாட்சுகளைப் பிரதமர் ஜவகர்லால் நேரு வெளியிட்டார்.

பெங்களூருக்குப் பின் ஸ்ரீநகர், தும்கூர், இமயமலை அடிவாரத்து ராணிபாக் ஆகிய இடங்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. மொத்தத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட வாட்சுகள் விற்றன. எழுபதுகளில் தேவை உற்பத்தியை மிஞ்சியதால், விரும்பிய மாடலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

மாடல்களும் உள்ளியக்கமும்

மாடல்களின் பெயர்களிலேயே அந்தக் காலத்தின் மனநிலை தெரியும். மக்களுக்கானது ஜனதா. கறுப்பு டயலும் ஒளிரும் புள்ளிகளும் கொண்டது பைலட். ராணுவத்தினரை நினைத்துச் செய்தது ஜவான். மெலிந்த உடல் கொண்டது சோனா. கல்யாண வீடுகளில் பெருமையாகக் கருதப்பட்டது தங்க நிறத் தானியங்கி காஞ்சன். உள்ளே ஓடும் சக்கரங்கள் வெளியே தெரியும்படி செய்தது ஜலக். மூடியைத் திறந்து முள்ளை விரலால் தொட்டு நேரம் அறியும் பிரெய்ல் வாட்சையும் இந்த நிறுவனம் செய்தது; அதன் வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க வேலை அதுவென்றே சொல்லலாம்.

ஜனதாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் விட்டம் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். பளபளக்கும் எஃகு உடல், வெளிர் டயல், மெல்லிய முட்கள். அதற்கு மேல் அலங்காரம் எதுவும் கிடையாது. நாள், தேதி காட்டும் சன்னல்கூட இல்லை. நேரத்தைத் தவிர வேறெதையும் சொல்லாத இந்த அடக்கம்தான் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் பழசாகத் தெரியவிடாமல் காக்கிறது. தேவநாகரியில் பெயரும் எண்களும் பொறித்த டயல்களும் உண்டு. அவற்றுக்கு இன்று தனி வரவேற்பு.

ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் உள்ளே இருப்பது சிட்டிசன் வழிவந்த 17 கல் இயந்திரம். சாவியைத் திருகும்போது விசைச்சுருள் இறுகுகிறது. அது தளரும்போது வெளிப்படும் விசை பற்சக்கரங்களின் வழியே சென்று சமநிலைச் சக்கரத்தை ஆட்டுகிறது. அந்தச் சக்கரம் மணிக்கு 18,000 தடவை, அதாவது நொடிக்கு ஐந்து தடவை, இப்படியும் அப்படியுமாக அசைகிறது. காதருகே வைத்தால் கேட்கும் டிக் டிக் ஓசை அந்த அசைவோடு எழுவதுதான். அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காகப் பதித்த செயற்கை மாணிக்கங்களே அந்த 17 கற்கள். டயலில் சிறிய எழுத்தில் இருக்கும் 'பாராஷாக்' என்ற சொல், வாட்சு கீழே விழுந்தாலும் சமநிலைச் சக்கரத்தின் அச்சு முறியாமல் தாங்கும் சின்ன வில்லமைப்பைக் குறிக்கும். முழுதாகச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாள் தாராளமாக ஓடும்.

சரிவு

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்கலத்தில் இயங்கும் குவார்ட்ஸ் வாட்சுகளில் இன்று வழக்கமான படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இயந்திர வாட்சு ஒரே நாளில் அரை நிமிடம் முன்பின்னாகலாம். குவார்ட்ஸ் ஒரு மாதத்திலும் அவ்வளவு தவறாது. சுவிட்சர்லாந்திலேயே வாட்சுத் தொழிலாளர் எண்ணிக்கை அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

எச்.எம்.டி. குவார்ட்ஸ் வாட்சுகளையும் செய்தது. ஆனால் மனம் முழுக்க இயந்திர வாட்சிலேயே இருந்தது. பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாட்டு எல்லைக்குள் ஓசூரில் போட்டி முளைத்தது. தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸை மட்டுமே நம்பி இறங்கியது. வாட்சை அணிகலனாகக் காட்டும் விளம்பரம், குளிரூட்டிய காட்சியறை, கண்ணைக் கவரும் வடிவங்கள் எல்லாம் சேர்ந்து வாங்குவோரை இழுத்தன. தொண்ணூறுகளில் இறக்குமதிக் கதவும் திறந்தபோது அரசு நிறுவனத்தின் நட்டம் ஏறிக்கொண்டே போனது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ், எச்.எம்.டி. சினார் வாட்சஸ் ஆகிய இரு துணை நிறுவனங்களையும் மூட மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. தும்கூர் ஆலையின் நிலம் விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவுக்குப் போனது.

சேகரிப்பு

மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014-இல் பரவியதுமே, பல ஆண்டுகள் அந்தப் பக்கமே போகாதவர்கள்கூட விற்பனையகங்களுக்கு ஓடினார்கள். கிட்டங்கியில் கிடந்த ஜனதாக்களும் பைலட்களும் விரைவாகத் தீர்ந்தன. இந்த வாட்சுகள் சேகரிப்புப் பொருளானதில் இந்தப் பதற்றத்துக்குப் பங்கு பெரிது.

உலகச் சந்தையில் பழைய வாட்சுக்கு மதிப்பு ஏறுவது அபூர்வத்தால். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. ஜனதாவின் கதை நேர்மாறானது. அது அபூர்வமே அல்ல. எல்லோர் வீட்டிலும் இருந்தது. அதனால்தான் அதைத் தேடுகிறார்கள். பீரோவின் உள்ளறையில் துணியில் சுற்றிவைத்த அப்பாவின் வாட்சை எடுத்து, துடைத்துச் சாவி கொடுக்கும்போது முள் நகர்ந்தால், சேகரிப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இரண்டாவது வாட்சை வாங்குவது முதலாவதற்குத் துணையாகத்தான்.

மணி பார்க்கக் கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கைப்பேசியும் குவார்ட்ஸ் வாட்சும் உடையவரைப் பொருட்படுத்தாமல் ஓடும். சாவி வாட்சு அப்படியல்ல, மறந்தால் நின்றுவிடும். காலையில் அதைக் கையில் எடுத்து, திருகு இறுகும்வரை சாவி கொடுத்துக் கட்டும் அந்த அரை நிமிடம்தான் இந்த ஈர்ப்பின் மையம். பழுதுபார்க்க முடிவதும் இன்னொரு காரணம். கோடிக்கணக்கில் விற்ற இயந்திரம் ஆதலால் உதிரிபாகங்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்திய வாட்சு மெக்கானிக் ஒருவர் கழற்றி, எண்ணெய் மாற்றி, மாட்டித் தந்தால் ஐம்பது வயது வாட்சும் ஓடும். அந்தக் கைகள் குறைந்துவருவதுதான் கவலைக்குரியது.

புதிதாகச் சேர்ப்பவர்கள் ஏமாறும் இடம் டயல். பழைய உடலில் டயலை மட்டும் மறுவண்ணம் பூசி, நிறுவனம் வெளியிடாத நிறங்களில் 'பைலட்' என்று விற்கிறார்கள். எழுத்தின் ஓரங்கள் கசிந்திருந்தாலோ, நிமிடக் கோடுகள் நடுமையத்தோடு பொருந்தாவிட்டாலோ, டயல் மட்டும் மின்ன உடல் தேய்ந்திருந்தாலோ ஐயப்பட வேண்டும். பல வாட்சுகளின் பாகங்களை ஒட்டுப்போட்டுச் செய்தவையும் சந்தையில் உண்டு. வெயிலில் மங்கி, ஓரம் பழுத்த மூல டயலே பளபளக்கும் மறுவண்ண டயலைவிட மதிப்புடையது.

பணி ஓய்வுப் பரிசாகத் தந்த வாட்சுகளில் பின்மூடியில் பெயரும் தேதியும் பொறித்திருப்பது வழக்கம். அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் அந்த எழுத்தைத் தேய்த்து மெருகேற்ற விடுவதில்லை. உள்ளியந்திரத்தை மட்டும் சுத்தம் செய்து, மூடியை வந்தபடியே திரும்பப் பொருத்தச் சொல்கிறார்கள்.