தோட்டாவின் கழுத்து

பேரரசுகள் எழுந்ததையும் வீழ்ந்ததையும் வரலாற்று நூல்கள் விரிவாக எடுத்துரைக்கின்றன. போர்களில் பயன்பட்ட சிறு பொருள்களைப் பற்றி அவை மிகுதியாகப் பேசுவதில்லை. விரல் அளவே உள்ள ஒரு பித்தளைக் கூட்டின் வரலாற்றை இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன். துப்பாக்கித் தோட்டாவின் கூடே அது. கொல்லும் கருவியின் உறுப்பு மாணவர்க்கு எதற்கு என்று நீங்கள் வினவலாம். அரசியலும் வேதியியலும் உலோகத் தொழிலும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதை இச்சிறு பொருள் தெளிவாகக் காட்டும் என்பதே என் விடை.

தொடக்கத்தில் தோட்டா என்பது காகிதச் சுருளே. அளந்த வெடிமருந்தும் ஈயக் குண்டும் அதனுள் இருக்கும். சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்குவான். குண்டு எளிதில் இறங்கும் பொருட்டுக் காகிதத்தில் கொழுப்புத் தடவுவதும் உண்டு.

இக்கொழுப்பே நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்றது. என்ஃபீல்டு துப்பாக்கிக்குரிய புதிய தோட்டாவில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் கலந்துள்ளன என்னும் செய்தி, 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பரவியது. ஏப்ரல் 24ஆம் நாள் மீரத்தில் குதிரைப்படையினர் 90 பேருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று அவர்களிடம் நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. ஆயினும் நம்பிக்கை அதற்கு முன்பே அற்றுப் போயிருந்தது. மே 9ஆம் நாள் அவர்கள் விலங்கிடப்பட்டனர். மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. அயோத்தி இராச்சியத்தின் இணைப்பு முதலிய வேறு காரணங்களும் அதற்கு உண்டு என்பதை மறவாதீர்கள். தோட்டா தீப்பொறியாயிற்று, விறகு முன்னரே அடுக்கப்பட்டிருந்தது.

காகிதம் மறைந்ததற்குக் காரணம் வேறு. ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினால் தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தி 1807இல் காப்புரிமை பெற்றார். அம்மருந்தைக் கூட்டின் அடியிலேயே பொருத்திவிட்டால், குண்டு, வெடிமருந்து, பற்றுமருந்து மூன்றும் ஒரே பொருளாகிவிடும். துப்பாக்கியின் பின்புறமாகவே அதனைச் செருகலாம். 1866ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பாக்சர், அமெரிக்காவின் பெர்டன் ஆகிய இருவரும் இதற்கு இரு வேறு முறைகளைக் கண்டனர். பிற்காலத்தில் ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கர் முறை ஐரோப்பாவிலும் மிகுதியாகப் பரவியது வியப்பே.

பித்தளையைத் தேர்ந்தது ஏன்? வெடிக்கும்போது கூடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் கசியாமல் தடுக்க வேண்டும். அடுத்த நொடியே சற்றுச் சுருங்கி, எளிதில் வெளியே வரவும் வேண்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இவ்விரண்டையும் செய்கிறது. பாக்சரின் முதற்கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டதாதலின், சூடேறிய துப்பாக்கியில் கிழிந்து சிக்கியது. ஆகவே ஒரே வில்லையை அச்சுகளின் வழியே மீண்டும் மீண்டும் இழுத்து நீட்டும் முறை நிலைபெற்றது.

1884இல் பிரான்சின் பால் வியேல் புகையற்ற மருந்தைக் கண்டார். ஆற்றல் மிகவே, குண்டு சிறுத்தது. 11 மில்லிமீட்டர் குண்டைப் பயன்படுத்திய பிரெஞ்சுப் படை 1886இல் 8 மில்லிமீட்டருக்கு மாறியது. மருந்துக்கு இடம் வேண்டும், குண்டோ சிறியது. எனவே பருத்த உடலும் குறுகிய கழுத்தும் கொண்ட புட்டி வடிவமே பொது வழக்காயிற்று. குண்டைப் பற்றிக்கொள்வது அக்கழுத்தே.

அக்கழுத்து ஒரு புதிரையும் தந்தது. இந்தியாவில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமே வெடிப்புக் கண்டன. பருவத்தை ஒட்டி நேர்ந்ததால் இதனைப் பருவ வெடிப்பு என்றனர். 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் காரணத்தை விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், இழுத்து நீட்டியபோது உலோகத்தினுள் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே பித்தளையைப் பிளந்தன. அளவான சூட்டில் காய்ச்சினால் அவ்விறுக்கம் தளரும். குறை வானிலையில் இல்லை, உலோகத்தினுள்ளேயே இருந்தது.

இழுத்து நீட்டும் முறையில் இன்னொரு குறையும் உண்டு. அச்சு ஒரு மயிரளவு விலகினாலும், கூட்டின் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். கழுத்துச் சுவரின் கனம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டரே. அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு வேறுபட்டாலும் குண்டு குழலின் நடுக்கோட்டில் நில்லாது. போர்க்களத்தில் இது பொருட்படுத்தப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பரவிய குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் இது பெரிதாயிற்று. சுட்ட கூட்டையே மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் போட்டியாளர், அதன் கழுத்தினுள் பொருத்தமான முளையைச் செலுத்தி, கூரிய உளியால் வெளிப்புறத்தை வட்டமாகக் கடைந்து, சுற்றிலும் ஒரே கனமாக்குவர். மிகக் கடைந்தால் கழுத்து வலுவிழக்கும். மேடு மட்டுமே நீங்க வேண்டும். நம் நாட்டில் தோட்டா செய்வதற்கு 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதையும் அறிந்து கொள்ளுங்கள்.

மாணவர்களே, மீரத்தில் நம்பிக்கை இழந்த மக்களின் மனத்தை ஆட்சியாளர் ஆராயவில்லை. உத்தரவையே மீண்டும் கூறினர். லாயத்தில் வெடித்த பித்தளையை அறிஞர் பொறுமையோடு ஆராய்ந்தனர், தீர்வு கிட்டியது. உலோகத்தின் உள் இறுக்கத்தை அறிய முயன்ற அக்கவனத்தில் ஒரு பங்கேனும் மனிதர்பால் செலுத்தப்பட்டிருந்தால், 1857ஆம் ஆண்டின் குருதி இவ்வளவு பெருகியிருக்குமா என்பதை உங்கள் வகுப்பறையில் எண்ணிப் பாருங்கள்.