தாய்வழி வராத தாய்நாடு



சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். பேச்சு குடியுரிமையைப் பற்றித் திரும்பியது. முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கையை உயர்த்தி, "ஐயா, தாய்நாடு என்றால் அம்மா பிறந்த நாடா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "நாம் பிறந்து வாழும் நாடு" என்று விடை சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆயினும் அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், என் அக்காள் மகள் பிறந்த ஆண்டு முதல் அதே கேள்விக்கு ஒரு கடித உறையில் விடை வருமென்று காத்திருக்கிறாள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. நம் நாட்டுச் சட்டத்தின் வரலாறும் ஆகும். நம் பள்ளிகளுக்கு வரும் சில பிள்ளைகளின் கதையும் இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாத்தாவின் தாளும் பாட்டியின் தாளும்

என் தாத்தா 1936ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பலேறிப் பினாங்கு வந்தவர். புலாவ் ஜெரஜாக் தீவின் தனிமை முகாமில் சில நாள் இருந்துவிட்டுச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவச் சேர்ந்தார். அக்காலத்தில் குடியுரிமை என்ற சொல்லே தோட்டத்து மக்களின் பேச்சில் இல்லை. 1948இல் மலாயாக் கூட்டரசு அமைந்தபோது குடியுரிமைக்கான விதிகள் கடுமையாக இருந்தன. 1952இல் அவை ஓரளவு தளர்ந்தன. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோதுதான் கதவு அகலத் திறந்தது. தாத்தாவைப் போல் 45 வயதைக் கடந்தவர்கள் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய்மொழித் தேர்வு தேவையில்லை என்றார்கள். தோட்டத்துக் கிராணியார் பாரத்தை நிரப்பித் தந்தார். தாத்தா கைநாட்டு வைத்தார், குடிமகன் ஆனார்.

பாட்டி மனுச் செய்யவில்லை. "வீட்டுக்காரர் போட்டிருக்கிறார், எனக்கும் சேர்த்துத்தானே" என்று இருந்துவிட்டார். 1969ஆம் ஆண்டுக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த எண்ணத்தின் விலை தெரிந்தது. அந்த ஆண்டுகளில் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள், பிறந்த பிள்ளைகளையும் வளர்த்த கோழிகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். பாட்டி போகவில்லை. ஆனால் கணவர்வழி மனுச் செய்யத் திருமணச் சான்று வேண்டியிருந்தது. கோயிலில் தாலி கட்டிக்கொண்டவருக்குத் தாள் ஏது? அக்காலத்து வழக்கத் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. 1982 மார்ச் 1ஆம் நாளுக்குப் பிறகுதான் அது கட்டாயமாயிற்று. பாட்டி இறக்கும்வரை சிவப்பு அடையாள அட்டையே வைத்திருந்தார். அவருடைய தகரப் பெட்டியில் வெற்றிலைப் பையின் அடியில் அந்த அட்டை இருந்ததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன்.

"தாள் இல்லாதவனுக்குத் தரையும் இல்லையடா" என்பார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரே வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள்

எங்கள் வீட்டில் மூவர். மூவரும் இந்நாட்டிலேயே பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, நீல அடையாள அட்டை பெற்றவர்கள். அக்காள் திருச்சியில் மேற்படிப்புப் படிக்கச் சென்றார். அங்கேயே ஒருவரை மணந்தார். 2009 நவம்பரில் அவருக்குத் திருச்சியில் ஒரு மகள் பிறந்தாள். என் தம்பி துபாயில் வேலை செய்தான். அவனும் இந்தியப் பெண்ணையே மணந்தான். 2011இல் அவனுக்கு அங்கே ஒரு மகன் பிறந்தான்.

தம்பி பிள்ளையின் பிறப்பை ஓராண்டு முடிவதற்குள் நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தில் பதிந்தான். மகன் மலேசியக் குடிமகன். அவ்வளவுதான். அக்காளுக்கு அந்த வழி இல்லை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமையைத் 'தந்தை' என்ற சொல்லோடு கட்டி வைத்திருந்தது. தந்தை குடிமகனாக இருந்தால் அது உரிமை. தாய் மட்டும் குடிமகளாக இருந்தால் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி மனு. 21 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூட்டரசு அரசாங்கம் குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்றது அந்த உட்பிரிவு. 'செய்யலாம்' என்பதை நாம் இலக்கண வகுப்பில் விளக்குவோம் அல்லவா? செய்தாலும் செய்யலாம், செய்யாமலும் விடலாம். அரசின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய இயலாது என்றும் அதே அட்டவணை கூறுகிறது.

அக்காள் 2010இல் முதல் மனுவைக் கொடுத்தார். கைக்குழந்தையோடு இரவில் மலைக்கோட்டை விரைவு வண்டியேறிச் சென்னை சென்றார். மடியில் ஒரு நெகிழிக் கோப்பு. அதில் தம் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை நகல், கடவுச்சீட்டு, திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, நிழற்படங்கள். அங்கிருந்த அலுவலர்கள் பரிவோடுதான் நடந்துகொண்டார்கள் என்று இன்றும் சொல்வார். 2014இல் பதில் வந்தது. மனு ஏற்கப்படவில்லை. காரணம் குறிப்பிடப்படவில்லை. 2015இல் இரண்டாம் மனு. 2019இல் அதே ஒரு பத்திப் பதில். 2020இல் மூன்றாம் மனு. அதற்கு இன்னும் பதில் இல்லை.

காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். விடைத்தாளில் பிழையைச் சுட்டாமல் வெறும் சுழியம் போட்டுத் திருப்பித் தந்தால் மாணவன் எதைத் திருத்துவான்?

பள்ளி விடுமுறைக்கு அவர்கள் வரும்போதெல்லாம் கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஒரு காட்சி நிகழும். தாய் குடிமக்கள் வரிசைக்கு உரியவர், மகள் வெளிநாட்டவர் வரிசைக்கு உரியவள். சிறு பிள்ளையைத் தனியே விட முடியாதென்று அக்காளும் வெளிநாட்டவர் வரிசையிலேயே நிற்பார். சென்ற முறை வந்தபோது மகள் வளர்ந்துவிட்டாள். "நீங்கள் உங்கள் வரிசையில் போங்கள், அம்மா. நான் வந்துவிடுகிறேன்" என்றாளாம். அதைச் சொல்லும்போது அக்காளின் குரல் உடைந்துவிட்டது.

இந்த விதி எங்கிருந்து வந்தது?

இது நம் முன்னோர் வகுத்த வழக்கமன்று. 1956இல் நியமிக்கப்பட்ட ரீட் ஆணையம் நம் அரசமைப்புச் சட்டத்துக்கு வரைவு எழுதியபோது பிரிட்டனின் சட்டமும் தந்தைவழியையே கொண்டிருந்தது. அவர்கள் ஆண்ட பல நாடுகளிலும் அதே முறையே இருந்தது. மணமான பெண்ணின் நாடு கணவனின் நாடே என்பது அக்காலத்து எண்ணம்.

ஆனால் காலம் மாறியது. பிரிட்டன் 1983ஆம் ஆண்டு தொடக்கத்தில் தாய்க்கும் அவ்வுரிமையை அளித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் தந்தையை மட்டும் குறித்திருந்த இந்தியா 1992 டிசம்பரில் மாற்றிக்கொண்டது. பாலத்துக்கு அப்பால் இருக்கும் சிங்கப்பூர் 2004 மே மாதம் மாற்றிக்கொண்டது. நாம் 1995இல் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் இணைந்தோம். ஆயினும் பிள்ளைகளின் குடியுரிமையில் பெண்ணுக்குச் சம உரிமை தரும் விதியை ஏற்காமல் ஒதுக்கி வைத்தோம். 2001இல் அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பால் அடிப்படையிலான பாகுபாடு கூடாது என்று சேர்த்தோம். இரண்டாம் அட்டவணையின் 'தந்தை' அப்படியே நின்றார்.

இரட்டைக் குடியுரிமை பெருகிவிடும் என்பது மறுப்பவர்களின் வாதங்களுள் ஒன்று. நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பது உண்மையே. ஆனால் என் தம்பி மகனுக்கும் தாய்வழியே வேறொரு நாட்டின் உரிமை உண்டு. அவனுக்குப் பொருந்தாத அச்சம் அக்காள் மகளுக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

வழக்கும் திருத்தமும்

2020 டிசம்பரில் ஆறு தாய்மார்களும் ஒரு குடும்ப நல அமைப்பும் வழக்குத் தொடுத்தார்கள். 2021 செப்டம்பர் 9ஆம் நாள் கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி அக்தார் தாஹிர், 'தந்தை' என்ற சொல்லில் தாயும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். அன்றிரவு திருச்சியிலிருந்து அழைப்பு வந்தது. "மாமா, இனி நான் மலேசியாக்காரிதானே?" என்றாள். பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளை. "பொறு, அம்மா" என்றேன். 2022 ஆகஸ்டு 5ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றியது. சொல்லின் பொருளை நீதிமன்றம் விரிக்க இயலாது, மாற்ற வேண்டியது நாடாளுமன்றமே என்பது பெரும்பான்மையின் கருத்து. நீதிபதி எஸ். நந்த பாலன் மட்டும் தாய்மார்களின் பக்கம் நின்று மாறுபட்ட தீர்ப்பெழுதினார்.

நாடாளுமன்றமும் முன்வந்தது. 2024 அக்டோபர் 17ஆம் நாள் மக்களவையும் அவ்வாண்டு டிசம்பரில் மேலவையும் திருத்தத்தை நிறைவேற்றின. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் எவர் குடிமகனாக இருப்பினும் போதும் என்றாயிற்று. இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். இதற்காக உழைத்த தாய்மார்களை வணங்குகிறேன்.

ஆனால் இத்திருத்தம் பின்னோக்கிச் செல்லாது; முன்பே பிறந்த பிள்ளைகளுக்கு உரிமை தானாக வந்து சேராது. அவர்களுக்கு அதே பழைய 'செய்யலாம்' தான். அத்துடன் அந்தத் திருத்தமே மனுச் செய்யும் வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. அக்காள் மகளுக்கு 2027 நவம்பரில் 18 நிறைகிறது. முதல் மனுவுக்கு நான்காண்டு, இரண்டாவதற்கு நான்காண்டு. மூன்றாவது ஐந்தாண்டைக் கடந்துவிட்டது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். இன்னொரு மனுவுக்கு நேரம் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரிய நண்பர்களே, நம் வகுப்பறைகளிலும் தாள் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் இந்நாட்டிலேயே பிறந்தவர்கள். தந்தை மலேசியர், தாய் வெளிநாட்டவர். பிள்ளை பிறந்தபின் திருமணத்தைப் பதிவு செய்திருப்பார்கள். சட்டப்படி அப்பிள்ளை தாயின் நிலையையே பின்பற்றுகிறது. மணமானவர்களின் பிள்ளைக்குத் தாயை எண்ணாத சட்டம், மணப்பதிவு இல்லாதவர்களின் பிள்ளைக்குத் தாயை மட்டுமே எண்ணுகிறது. இரண்டிலும் இழப்பது பிள்ளைதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயில் திருமணத்தோடு நின்றுவிடாதீர்கள். குழந்தை பிறப்பதற்கு முன்பே பதிவுத் திருமணத்தை முடித்துவிடுங்கள். பிறப்பைக் காலத்தோடு பதியுங்கள். மனுச் செய்திருந்தால் ஒவ்வொரு தாளுக்கும் நகலும், கொடுத்த நாளுக்கான பற்றுச்சீட்டும் வைத்திருங்கள். 18 வயதுக்கு எத்தனை ஆண்டு இருக்கிறது என்று இன்றே எண்ணிப் பாருங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை என் பாட்டியின் சிவப்பு அட்டை சொல்லும்.

ஆசிரியர்களே, மாணவர் பதிவின்போது பிறப்புச் சான்றிதழில் 'குடிமகன் அல்லர்' என்ற குறிப்பைக் கண்டால் கோப்பில் வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். முதலாம் ஆண்டில் பேசினால் பதினோராண்டு கிடைக்கும். படிவம் நான்கில் பேசினால் இரண்டாண்டுதான் கிடைக்கும்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் வந்திருந்தபோது அக்காள் மகள் என் மேசையில் கிடந்த மாணவர் கையேட்டை எடுத்தாள். அதில் அச்சிட்டிருந்த ருக்குன் நெகாரா உறுதிமொழியை மலாயில் மெல்ல வாசித்தாள். அக்காள் அவளுக்குச் சிறு வயதிலேயே மனனம் செய்வித்திருக்கிறார். இரண்டாம் கோட்பாட்டை முடித்துவிட்டு நிறுத்தினாள்.

"இதை நான் சொல்லலாமா, மாமா?" என்று கேட்டாள்.

"சொல்லு, அம்மா" என்றேன். முழுவதையும் பார்க்காமலே சொல்லி முடித்தாள்.

நாளை வகுப்பில் அந்த முன்வரிசை மாணவியை அழைத்து என் விடையைத் திருத்திக்கொள்ளப் போகிறேன். அவள் கேட்டது சரியான கேள்விதான். அம்மா பிறந்த நாடும் தாய்நாடாக இருக்கத்தான் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்