ஜோன் ஜோனஸ்: கேமராவும் உடலும் சேர்ந்து நடத்திய ஆய்வு

ஜோன் ஜோனஸ் (பிறப்பு 1936, நியூயார்க்) காணொளியையும் நேரடி நிகழ்த்துதலையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கலைஞர். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி எழுதாமல், படைப்பைச் செய்துபார்ப்பதன் மூலமே ஆராயும் முறைக்கு இன்று கலைவழி ஆய்வு என்று பெயர். 1993-இல் பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங், கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலையின் வழியே நடக்கும் ஆய்வு என்று மூன்றைப் பிரித்துக் காட்டினார். மூன்றாவது வகையைப் பட்டத்திற்குரிய துறையாகக் கொள்ளலாமா என்ற வாதம் கல்விக்கூடங்களில் இன்னும் ஓயவில்லை. ஜோனஸ் இந்த வாதம் தொடங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வழியில் வேலை செய்துகொண்டிருந்தவர்.

மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் கலை வரலாறும் பாஸ்டனில் சிற்பமும் படித்த அவர், 1965-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். சிற்பியாகத் தேறியவர் என்பதால் அவருடைய முதல் அக்கறை இடத்தின் மீதுதான். கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே எதையாவது வைத்தால் இடம் என்ன ஆகிறது என்பதை அவர் முதலில் கண்ணாடிகளைக் கொண்டு சோதித்தார். 1969-இலும் 1970-இலும் நடந்த ‘மிரர் பீஸ்’ நிகழ்வுகளில், ஆளுயரக் கண்ணாடிகளை ஏந்தியவர்கள் மெல்ல நகர்ந்தார்கள். பார்க்க வந்தவர்கள் தங்களையே துண்டு துண்டாகப் பார்க்க நேர்ந்தது. அதே 1970-இல் நடந்த ‘ஜோன்ஸ் பீச் பீஸ்’ நிகழ்வில் சோதனைப் பொருள் தொலைவு. பார்வையாளர்களை வெகுதூரம் தள்ளி நிறுத்திவிட்டு, கடலோரச் சேற்றுவெளியில் மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினார்கள். தட்டும் கை முதலில் தெரிந்தது. ஓசை பிறகு வந்து சேர்ந்தது. ஒலியின் வேகம் பற்றிப் பள்ளியில் படித்த யாருக்கும் இதில் புதுமை இல்லை. ஆனால் அந்த இடைவெளியை ஒரு நடனத்தின் தாளமாக உடம்பில் உணரவைத்ததுதான் இங்கே நடந்த வேலை.

1970-இல் சிற்பி ரிச்சர்ட் செர்ராவுடன் ஜப்பான் சென்றபோது அந்நாட்டின் மரபு நாடகமான நோவைப் பார்த்தார். சோனியின் போர்ட்டாபேக் கருவி ஒன்றையும் வாங்கினார். தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய கறுப்பு-வெள்ளை வீடியோ கருவி அது. திரைப்படச் சுருளைப் போல இதைக் கழுவிக் காத்திருக்க வேண்டியதில்லை. கேமரா பிடிப்பது அந்தக் கணமே மானிட்டரில் தெரியும். ஜோனஸுக்கு இந்த உடனடித்தன்மையே எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. மானிட்டரைப் பார்த்துப் பார்த்தே தன் அசைவைத் திருத்தலாம், மாற்றலாம், மறுபடி சோதிக்கலாம் அல்லவா?

1972-இல் அரங்கேறிய ‘ஆர்கானிக் ஹனிஸ் விஷுவல் டெலிபதி’ இந்தக் கருவியை மேடைக்கு ஏற்றியது. ஜோனஸ் பொம்மை முகமூடியும் அலங்கார உடையுமாக ஆர்கானிக் ஹனி என்ற மாற்றுருவில் வந்தார். கேமராவை இயக்குபவரும் மேடையிலேயே இருந்தார். பார்வையாளர் முன் முழு உருவமும் இருந்தது, பக்கத்து மானிட்டரில் அதன் ஒரு துணுக்கும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பவை, ஆனாலும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. பெண்ணுடலைத் திரை எப்படி வெட்டி அடுக்கிக் காட்டுகிறது என்பதைப் பார்வையாளர் விளக்கவுரை இல்லாமலே கண்டுகொண்டார். பெண்ணியக் கலை நியூயார்க்கில் வலுப்பெற்றுவந்த காலம் அது.

இந்த நிகழ்விலிருந்து பிறந்ததே ‘வெர்ட்டிகல் ரோல்’ (1972). இருபது நிமிடத்திற்குச் சற்றுக் குறைவான இந்தக் காணொளி ஜோனஸின் படைப்புகளிலேயே அதிகம் பேசப்படுவது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் வெர்ட்டிகல் ஹோல்ட் திருகைத் திருகிப் பழகியவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் புரியும். வரும் சிக்னலின் ஒழுங்கும் பெட்டியின் ஒழுங்கும் ஒத்துப்போகாவிட்டால் படம் நிற்காமல் மேலோ கீழோ உருளும். இரண்டு படங்களுக்கு இடையே உள்ள கறுப்புப் பட்டை திரையைக் கடந்துகொண்டே இருக்கும். வீட்டில் இது நடந்தால் எழுந்துபோய்ச் சரிசெய்வோம். ஜோனஸ் அதை வேண்டுமென்றே உருளவிட்டு, அந்த மானிட்டரை இன்னொரு கேமராவால் படம்பிடித்தார்.

அப்படிப் பிடிக்கும்போது பழுது என்பது இசைக்கருவியாகிவிடுகிறது. கறுப்புப் பட்டை கடக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி விழுகிறது. கரண்டியால் தட்டும் ஓசை, பிறகு மரக்கட்டை ஓசை. ஜோனஸ் குதிக்கும்போது கால்கள் அந்தப் பட்டையைத் தாண்டிக் குதிப்பதுபோலத் தெரிகிறது. கை, வயிறு, கால், முகமூடி என்று உடல் தனித்தனியாக வந்துபோகிறது. எந்த உறுப்பும் கண்ணில் நிலைக்கும் அளவுக்குத் திரையில் தங்குவதில்லை. பத்து நிமிடத்திற்கு மேல் இதைப் பார்த்திருப்பது உண்மையிலேயே எரிச்சலூட்டும் அனுபவம். அந்த எரிச்சல் இல்லாவிட்டால் படைப்பும் இல்லை என்றே சொல்ல வேண்டும். முடிவில், மானிட்டருக்கும் இரண்டாவது கேமராவுக்கும் நடுவே ஜோனஸின் முகம் நுழைகிறது. பின்னால் திரை உருண்டுகொண்டிருக்க, அந்த முகம் மட்டும் உருளாமல் நிற்கிறது. இதுவரை நாம் பார்த்தது ஒரு பெட்டியின் மேற்பரப்பை மட்டுமே என்பது அப்போதுதான் உறைக்கிறது.

விமர்சகர் ரோசலிண்ட் க்ராஸ், 1976-இல் ‘அக்டோபர்’ இதழில் வெளிவந்த கட்டுரையில், காணொளிக் கலை தன்னையே பார்த்து மயங்கும் ஊடகம் என்று சாடினார். அந்த மயக்கத்தைக் கருவியின் இயக்கத்தைக் கொண்டே உடைக்கும் படைப்புகளுள் ஒன்றாக ‘வெர்ட்டிகல் ரோல்’ அதில் பேசப்பட்டது.

பிற்காலத்தில் ஆய்வுப்பொருள் கருவியிலிருந்து கதைகளுக்கு நகர்ந்தது. ‘தி ஷேப், த சென்ட், த ஃபீல் ஆஃப் திங்ஸ்’ கலை வரலாற்றாளர் ஆபி வார்பர்க்கின் எழுத்துகளைத் தொட்டு எழுந்தது. ‘ரீஅனிமேஷன்’ ஐஸ்லாந்து நாவலாசிரியர் ஹல்டோர் லாக்ஸ்னஸ் ஒரு பனியாற்றை மையமாக வைத்து எழுதிய நாவலிலிருந்து வந்தது; ஜாஸ் பியானோ கலைஞர் ஜேசன் மோரன் இரண்டுக்கும் இசை அளித்தார். ஒரு நிகழ்விற்காக வரைந்த ஓவியமும் எடுத்த காட்சியும் அடுத்த நிறுவல்கலைப் படைப்புக்குள் மூலப்பொருளாக நுழைவது ஜோனஸின் வழக்கம். அதனால் எந்தப் படைப்பு எங்கே முடிகிறது என்று சொல்வது கடினம். காப்பகத்தாருக்கு இது பெரிய தலைவலி. கடல்வாழ் உயிர்களைப் பற்றிய ‘மூவிங் ஆஃப் தி லேண்ட்’ படைப்பில், ஒளிரும் உயிரிகளை ஆராயும் கடல் உயிரியலாளர் டேவிட் க்ரூபரின் காட்சிகளும் இடம்பெற்றன. 1998 முதல் எம்ஐடியில் கற்பித்துவந்த ஜோனஸ், 2015 வெனிஸ் பியென்னாலே கலைக்காட்சியில் அமெரிக்க அரங்கை அமைத்தார். 2018-இல் கியோட்டோ பரிசு பெற்றார்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2024-இல் நடத்திய அவருடைய பெரும் கண்காட்சிக்கு ‘குட் நைட் குட் மார்னிங்’ என்று பெயர். அது 1976-இல் அவர் எடுத்த ஒரு காணொளியின் தலைப்பு. காலையில் எழுந்ததும் இரவு படுக்கப்போகும்போதும் கேமராவைப் பார்த்து வணக்கம் சொல்வது மட்டுமே அதில் உள்ள செயல். முப்பது ஆண்டுகள் கழித்து, 2006-இல், அவர் அதே சோதனையை மறுபடியும் செய்தார்.